செப்டம்பர் முப்பத்தொன்று

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். நான்காம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று, பன்னிரண்டு முட்டைகளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முட்டைகள் அவை பாட்டுக்குக் கிடந்தன.

"அசையுது! அந்த மூலையில இருக்கறது அசையுது!" என்று ஒருவன் கத்தினான். அவனுக்கு எதிலும் அவசரம். அதனால் வகுப்பில் அவன் பெயரே அவசரம் என்று ஆகிவிட்டது.

"நீ மேசையை இடிச்சே. அதான் அசையுது," என்றாள் குருவி.

குருவிக்கு ஒன்பது வயது. ஒல்லியான உடம்பு, கீச்சென்ற குரல். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டவர்கள் எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கு அந்தக் குரலில் சுரத்தே இல்லை.

முட்டைகள் இருந்தது மின்சாரத்தில் சூடாகும் ஒரு கண்ணாடி மூடிப் பெட்டியில். தாய்க்கோழிக்குப் பதிலாக அதுதான் அடைகாத்தது. இருபத்தொரு நாளில் குஞ்சு வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். செப்டம்பர் பதினான்காம் தேதி முட்டைகளை உள்ளே வைத்தார்கள். அப்போது வகுப்பில் காலண்டர் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு மாதம் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். செப்டம்பரை வரைந்தவள் குருவி. அதனால் அவளையே நாள் எண்ணச் சொன்னார் டீச்சர். தாளில் கட்டம் கட்டமாக விரல் வைத்து எண்ணி, "அக்டோபர் நாலு!" என்று அறிவித்ததும் அவள்தான்.

அக்டோபர் நாலு வந்துவிட்டது. குஞ்சு வரவில்லை.

"டீச்சர், எல்லாமே கூமுட்டையா?" என்று கேட்டான் அவசரம்.

டீச்சர் மூடிமேல் காதை வைத்துக் கேட்டார். வகுப்பே கப்சிப். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் கேக்கலப்பா. ஒரு தட்டற சத்தம்கூட இல்ல. சில சமயம் இப்படியும் ஆகும்."

இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பள்ளியின் பழைய வயர்களை எல்லாம் மாற்றப்போகிறார்கள். அன்று மாலை ஆறு மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் ஞாயிறு இரவுதான் திரும்ப வரும். அதுவரை பள்ளிக்கும் விடுமுறை.

"ஆறு மணிவரைக்கும் பெட்டி ஓடட்டும். அதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சா வாட்ச்மேன் எனக்கு போன் பண்ணுவார்," என்றார் டீச்சர். "இல்லன்னா திங்கக்கிழமை வந்து பார்ப்போம்."

திங்கட்கிழமை பார்க்க ஒன்றும் இருக்காது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

*

குருவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தம்பிக்கு ஐந்து வயது. பொடியன். அம்மா சலவை நிலையத்தில் வேலை செய்கிறாள். வீடு திரும்ப ஆறரை ஆகும். அதுவரை கீழ்வீட்டு டெய்லர் மாமா அவ்வப்போது மாடியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

பொடியன் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரின் கீழே நின்றான். அம்மா தன் இரவு ஷிப்ட் நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கும் காலண்டர் அது.

"அக்கா, என் பிறந்தநாள் எத்தனாந்தேதி?"

"முப்பத்தொன்னு."

"எல்லா மாசத்துலயும் முப்பத்தொன்னு வருமில்ல? அப்ப மாசா மாசம் எனக்குப் பிறந்தநாள்!"

வேறு நாளாக இருந்தால் குருவி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சும்மா ஒரு புன்னகைதான் வந்தது.

"உனக்கு அக்டோபர்ல மட்டும்தான்டா. அதோட, எல்லா மாசத்துக்கும் முப்பத்தொன்னு கிடையாது. கையை மூடு, காட்டறேன்."

பொடியன் கையை இறுக மூடினான். குருவி அவன் விரல் முட்டிகளைத் தொட்டுக் காட்டினாள்.

"முட்டி மேடு. ரெண்டு முட்டிக்கு நடுவுல பள்ளம். மேட்டுல வர்ற மாசத்துக்கு முப்பத்தொரு நாள். பள்ளத்துல வந்தா முப்பதுதான். பிப்ரவரி மட்டும் இன்னும் குறைச்சல். ஜனவரி மேடு, பிப்ரவரி பள்ளம், மார்ச் மேடு, ஏப்ரல் பள்ளம்…"

"கூச்சமா இருக்குக்கா!"

"ஆடாதே. மே மேடு, ஜூன் பள்ளம், ஜூலை மேடு. முட்டி தீர்ந்துபோச்சா? மறுபடி முதல் முட்டிக்கு வா. ஆகஸ்ட் மேடு, செப்டம்பர்…"

அவள் விரல் பள்ளத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"செப்டம்பர் என்னக்கா?"

அவள் வரைந்த தாள் கண்முன்னே வந்து நின்றது. கடைசி வரிசையில் முப்பது மட்டும் தனியாக, ஒரே ஒரு கட்டமாக நின்றிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று பக்கத்தில் முப்பத்தொன்றையும் எழுதிச் சுற்றிலும் பூ வரைந்திருந்தாள். எண்ணும்போது அந்தப் பூப்போட்ட கட்டத்தையும் சேர்த்துத்தான் எண்ணினாள்.

அக்டோபர் பிறந்ததும் அந்தத் தாளைக் கழற்றிவிட்டு அவசரம் வரைந்த தாளை மாட்டினார்கள். அதற்குப் பிறகு செப்டம்பரை யார் பார்த்தார்கள்?

குருவி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். பின்னால் மடித்து வைத்திருந்த செப்டம்பர் தாளைத் திருப்பினாள். பதினாலு, வெள்ளிக்கிழமை. இருபத்தொரு நாள் என்றால் சரியாக மூன்று வாரம். வெள்ளியில் வைத்தால் வெள்ளியில்தான் முடியும். விரலை நேர்கீழே இறக்கினாள். இருபத்தொன்று, ஒரு வாரம். இருபத்தெட்டு, இரண்டு வாரம். தாளைத் திருப்பினாள். அடுத்த வெள்ளி, அக்டோபர் ஐந்து.

நாளைக்கு!

குஞ்சுகள் தாமதம் செய்யவே இல்லை. அவள்தான் ஒரு நாளைத் திருடிவிட்டாள்.

கடிகாரம் ஐந்து இருபத்தைந்து காட்டியது.

"செருப்பைப் போடுடா!"

"எங்கக்கா?"

"ஸ்கூலுக்கு!"

"இப்பதானே வந்தோம்!"

காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குருவி படியிறங்கினாள். தையல் மெஷினின் கடகட சத்தத்துக்கு மேலே கத்தினாள். "மாமா, அம்மா வந்தா ஸ்கூலுக்குப் போயிருக்கோம்னு சொல்லுங்க! ரொம்ப அவசரம்!"

"எவன் அவசரம்? உன் கிளாஸ் பையனா?" என்று டெய்லர் மாமா கேட்டது தெருமுனைவரை பின்னாலேயே வந்தது.

*

நடந்தால் இருபது நிமிடம். ஓடினால் பத்து. பொடியனோடு ஓடினால் எவ்வளவு என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. முதல் தெருவில் அவன் செருப்பு கழன்றது. இரண்டாம் தெருவில் மறு செருப்பு கழன்றது. பாலத்தருகே மூச்சு வாங்கி உட்கார்ந்தே விட்டான்.

"ஏறு முதுகுல!"

"உப்பு மூட்டையா?" பொடியனுக்கு ஒரே குஷி.

உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு ஓடியதில் குருவிக்கு நெஞ்சு அடைத்தது. பள்ளியின் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. உள்ளே காவல் அறையின் முன்னால் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கேட்டைத் திறங்க!"

"ஸ்கூல் மூடியாச்சு பாப்பா. எதையாவது மறந்துட்டியா? திங்கக்கிழமை வந்து எடுத்துக்கோ."

"திங்கக்கிழமைக்குள்ள செத்துப்போயிடும் மாமா!"

வாட்ச்மேன் கையில் டீ தளும்பியது. "யாரு? யாரு உள்ள மாட்டிக்கிட்டது?"

"பன்னெண்டு பேரு!" என்றான் முதுகில் இருந்த பொடியன்.

"கோழிக்குஞ்சு மாமா," என்று குருவி அவசரமாகச் சொன்னாள். "முட்டைக்குள்ள."

வாட்ச்மேன் நிம்மதியாக மூச்சு விட்டார். அடுத்த கணமே கோபமும் வந்தது. "ஒரு நிமிஷத்துல என் உயிரே போச்சு. அதுதான் வராதுன்னு டீச்சரே சொல்லிட்டுப் போனாங்களே? அஞ்சு மணிக்கு நானும் போய்ப் பார்த்தேன். சும்மாதான் கிடக்குது."

"நாள் தப்பு மாமா. காலண்டர்ல ஒரு நாள் அதிகமா இருந்துது."

"யாரு அந்தக் காலண்டரைப் பண்ணது?"

குருவி வாயைத் திறந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். எத்தனையோ பிள்ளைகள் வரைந்தார்கள். யார் எதை வரைந்தது என்று இவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் தெரியாது என்று சொன்னால், சரியான நாள் எனக்குத் தெரியும் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

"நான்தான்," என்றாள். "செப்டம்பருக்கு முப்பத்தொன்னு போட்டுட்டேன். எண்ணினதும் நான்தான். டீச்சர் என்னை நம்பிட்டாங்க."

கேட்டின் கம்பிகளுக்கு நடுவே காலண்டரை நீட்டினாள். வாட்ச்மேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் விரல் போன வழியே தன் விரலையும் கொண்டுபோனார். பதினாலு. இருபத்தொன்று. இருபத்தெட்டு. தாளைத் திருப்பினார். அவர் உதடுகள் அசைந்தன.

"வெள்ளி… வெள்ளி… அட, ஆமா. நாளைக்குத்தான் வருது."

போனை எடுத்து டீச்சரை நாலு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வண்டியில போய்க்கிட்டு இருப்பாங்க," என்று சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தைத் தேடினார்.

*

கீழ்த்தளத்தில் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியன் அக்கா நின்றிருந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் தடித்த ரப்பர் உறை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.

குருவி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு நிறுத்துங்கக்கா. ஒரே ஒரு நாள்!"

அக்கா முடியாது என்று தலையசைத்தார். ஆனால் எரிந்து விழவில்லை. "வெளியில கம்பத்துமேல ரெண்டு பேர் ஏறி நிக்கறாங்கம்மா. ஆறு மணிக்கு நான் நிறுத்திடுவேன்னு நம்பித்தான் வயர்ல கை வைப்பாங்க. இதுல ஒரு நிமிஷம்கூட நான் முன்னப் பின்ன பண்ண முடியாது. புரியுதா?"

புரிந்தது. அது புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கண் நிறைந்தது.

"முதல்ல உசிரு இருக்குதான்னு பார்ப்போம் வா," என்றார் வாட்ச்மேன்.

மாடியேறினார்கள். வகுப்பில் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த வெப்பமானி முப்பத்தேழரை காட்டியது. மூன்று பேரும் மூடிமேல் காதை வைத்தார்கள்.

ஒன்றும் இல்லை.

"எனக்குக் கேக்குது," என்றான் பொடியன்.

"அது உன் வயிறுடா."

"வயிறு இல்லக்கா. இது உள்ள தட்டுது."

குருவி மூச்சை நிறுத்தினாள். டிக். வெகுநேரம் எதுவும் இல்லை. மறுபடி டிக். அப்புறம், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, நூலிழை அளவுக்கு ஒரு கீச்.

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "அடடே," என்றார்.

குருவி ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கம்பத்தின் மேல் இரண்டு பேர் நிழல்போலத் தெரிந்தார்கள். கீழே காவல் அறையில் குண்டு பல்பு ஒன்று எரிந்தது.

"மாமா! ஆறு மணிக்கு உங்க ரூம் லைட்டும் போயிடுமா?"

"தெரியலையே. யாரும் சொல்லல."

குருவி படிக்கட்டின் கைப்பிடிமேல் சாய்ந்து கீழே கத்தினாள். "அக்கா! கேட் ரூம் லைட்டும் போகுமா?"

கீழே காகிதம் புரளும் சத்தம். பிறகு குரல் வந்தது. "கேட் ரூமா? இரு… அது தெரு லைன். நாங்க தொடமாட்டோம்!"

குருவி வாட்ச்மேனைப் பார்த்தாள். வாட்ச்மேன் குருவியைப் பார்த்தார்.

"என் ரூம்ல கோழிப்பண்ணையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "தூக்கு."

பிளக்கைப் பிடுங்கியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. டீச்சர் நாற்காலியில் கிடந்த சால்வையைப் பெட்டிமேல் போர்த்தி, வெப்பமானி தெரிய மட்டும் ஒரு ஓரத்தை மடித்துவிட்டாள் குருவி. வாட்ச்மேன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சாய்க்கக் கூடாது. குலுக்கக் கூடாது. படியில் ஏதாவது கிடந்தால் சொல்வதற்காகப் பொடியன் முன்னால் போனான்.

படி இறங்க இறங்கப் பொடியன் எண்ணினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

வெப்பமானி முப்பத்தேழுக்கு இறங்கியது.

"பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. பதினஞ்சு."

"பதினாலு எங்கடா?" என்றார் வாட்ச்மேன், மூச்சிரைக்க.

கீழே அக்காவின் குரல் கேட்டது. "ஆறு மணி! நிறுத்தறேன்! எல்லாரும் இருக்கற இடத்துலயே நில்லுங்க!"

டக்கென்று எல்லா விளக்கும் அணைந்தது. படிக்கட்டில் இருட்டு அப்பிக்கொண்டது. குருவியின் ஒரு கால் அடுத்த படியைத் தேடி அந்தரத்தில் நின்றது. பெட்டி அவள் பக்கம் கொஞ்சம் சரிந்தது. உள்ளே முட்டைகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சத்தம்.

"காலைப் பின்னால எடு," என்று வாட்ச்மேன் நிதானமாகச் சொன்னார். "நான் பிடிச்சிருக்கேன். மெல்ல."

காலை எடுத்தாள். பெட்டி நேரானது. அவள் பிடியை விடவில்லை. கீழிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் படிகளில் ஏறி வந்தது.

"இப்ப வாங்க. ஒவ்வொரு படியா," என்றார் அக்கா.

முற்றத்தைக் கடந்து காவல் அறைக்குள் நுழைந்தபோது வெப்பமானி முப்பத்தைந்துக்குக் கீழே போயிருந்தது. அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஃபேனைப் பிடுங்கினார். அக்கா பெட்டியின் பிளக்கைச் செருகினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நான்கு தலைகள் ஒரு வெப்பமானிமேல் கவிழ்ந்திருந்தன. முப்பத்தைந்து. முப்பத்தாறு. பெட்டிக்குள் ஒரு கீச். பதிலுக்கு இன்னொரு மூலையிலிருந்து ஒரு கீச்.

குருவி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

*

சற்று நேரத்தில் டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. "நாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், தன் சால்வையையும் பெட்டியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

குருவி எழுந்து நின்றாள். இது கேட் வாசலில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர், நான் செப்டம்பருக்கு முப்பத்தொரு நாள் போட்டுட்டேன். முப்பது தனியா இருந்துதுன்னு. அதனாலதான் தேதி தப்பாச்சு. நாளைக்குத்தான் இருபத்தொண்ணாவது நாள்."

டீச்சர் காலண்டரை வாங்கிப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நீ வரைஞ்ச செப்டம்பர் தாள்ல 'மிக நன்று'ன்னு எழுதி நட்சத்திரம் போட்டது யாரு?"

"நீங்க, டீச்சர்."

"பூவைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கல," என்றார் டீச்சர். "உன் தப்பை நீ வந்து சரிபண்ணிட்டே. என் தப்பையும் சேர்த்து."

டெய்லர் மாமா சொல்லி அம்மா ஓடி வந்தபோது பொடியன் வாட்ச்மேன் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தான். அம்மா திட்ட ஆரம்பித்தாள். பெட்டிக்குள் ஒரு கீச் கேட்டதும் பாதியில் நிறுத்திக் குனிந்து பார்த்தாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஓடு விரிந்தது. செய்தி எப்படிப் பரவியதோ, பத்து மணிக்கெல்லாம் பாதி வகுப்பு காவல் அறை ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தது. "நான்தான் முதல்ல பார்த்தேன்," என்று அவசரம் எல்லாரிடமும் சொன்னான். அவன் வந்தபோது மூன்று குஞ்சுகள் ஏற்கெனவே நடை பழகிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை மாலைவரை காத்திருந்தார்கள். மொத்தம் ஒன்பது. மூன்று முட்டைகள் அப்படியே இருந்தன.

"அது என்னாலயா டீச்சர்?" என்று குருவி தணிந்த குரலில் கேட்டாள்.

டீச்சர் அந்த மூன்று முட்டைகளையும் பார்த்தார். "தெரியலம்மா. எல்லா முட்டையும் எப்பவுமே பொரிக்காது. ஆனா இந்த ஒன்பதும் உன்னாலதான். அது எனக்கு நல்லாத் தெரியும்."

குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து டீச்சர் வீட்டுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேன் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பள்ளிக்கு யார் வந்தாலும் பெயரும் நேரமும் எழுதி வைக்கும் நோட்டு அது.

"என் ரூமுக்கு வந்தவங்களை எழுதாம விட முடியுமா? சட்டம்னா சட்டம்," என்றார்.

குருவி படித்தாள். வரிசையாக ஒன்பது வரிகள், ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு எழுதியிருந்தார். முதல் வரி இதுதான்:

வெள்ளி, காலை ஏழு பத்து. வந்தவர்: கோழிக்குஞ்சு. யாரைப் பார்க்க: குருவி.